பாதி எண்

ஸ்கேனர் மறுபடியும் கீச்சென்றது. எல்லாம் புரிந்துவிட்டதாகத் தலையாட்டும் புது மாப்பிள்ளையைப் போல அதற்கு எப்போதும் ஒரே கீச்சுதான். மார்லா திரையைப் பார்த்தாள். பாதி எண், பாதி குப்பை. "சனியனே" என்று பல்லைக் கடித்தாள்.

பழைய ஸ்கேனர் நேற்று செர்ரி கழுவும் தொட்டிக்குள் விழுந்து உயிரை விட்டது. காலையில் கூரியரில் வந்த புதியதோ அப்பா காலத்துக் கம்ப்யூட்டரோடு பேச மறுக்கிறது. செர்ரிப் பெட்டிகளின் எண்ணை வாங்கிக்கொண்டு லாரிக்குச் சீட்டு அடிக்கும் புரோகிராம் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் ஓடாது. ஸ்கேனரோடு வந்த புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பார்கோடு கட்டங்கள். வேண்டிய கட்டத்தை ஸ்கேன் செய்தால் அந்த செட்டிங் மாறும். நடுவில் ஒருமுறை ஒளி பக்கத்துக் கட்டத்தில் பட்டு, அதுவரை செய்ததெல்லாம் அழிந்துபோனது. அப்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஒகனாகன் பள்ளத்தாக்கின் வெயில் தகரக் கூரையைக் காய்ச்சியது. போன வாரமே ஒரு லோடு தாமதம். இன்றும் போகாவிட்டால் பழம் வாங்கும் வான்கூவர்க்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அதற்கப்புறம் இந்தக் கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மூடினால் சந்தோஷப்படுகிற ஆள் கதவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். தம்பி கிளேட்டன். தோட்டத்தை விற்றுவிடலாம் என்று இரண்டு வருடமாக நச்சரிப்பவன்.

"விட்டுத் தொலையேன் அக்கா. அதைக் கட்டிட்டு எத்தனை நாள் மாரடிப்ப?"

"வாயை மூடிட்டுக் காபியைக் குடி."

ஸ்கேனர் எண்ணை அனுப்பும் வேகத்தை மாற்றிப் பார்த்தாள். கீச். திரை முழுக்கக் குப்பை. பழையபடி வைத்தாள். பாதி எண். வேறு வழி தெரியாமல் மறுபடி வேகத்துக்கே போனாள்.

"ஐயோ, ஸ்பீடு சரியாத்தான் இருக்கு!" கிளேட்டன் வெடித்தான். கோப்பையை வைத்துவிட்டு வந்தான். "பாதி நம்பர் வருதுல்ல? அப்போ பாரிட்டிங்கிற செட்டிங்தான் தப்பு. அதை ஈவன்ல வை. அதையே போட்டு நோண்டுறே, பாக்கச் சகிக்கல." பக்கத்தைப் புரட்டி, வேண்டிய கட்டத்தை மட்டும் விட்டு, சுற்றியிருந்ததை உள்ளங்கையால் மூடினான். "ம், இப்ப ஸ்கேன் அடி."

மார்லா அடிக்கவில்லை. பழைய ஸ்கேனரைக் கம்ப்யூட்டரோடு இணைத்தது அப்பாதான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

"பழசை மாட்டினது நீயா?"

அவன் உள்ளங்கையைப் பக்கத்தில் இன்னும் அழுத்தினான்.

"காலையிலேர்ந்தே தெரியுமாடா உனக்கு?"

கிளேட்டன் அவளைப் பார்க்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. "லாரிக்காரன் கிளம்பிடுவான்" என்றான்.

அந்த ஸ்கேனரை அவன் மண்டையில் போடலாம் போலிருந்தது அவளுக்கு. குனிந்து, அவன் விரலை ஒட்டியிருந்த கட்டத்தில் ஒளியைக் காட்டினாள். கீச். பிறகு முதல் பெட்டியை அடித்தாள். எண் முழுசாக வந்து திரையில் நின்றது. அடுத்த பெட்டி. அதற்கடுத்தது.

அடுக்கில் பாதி தீர்ந்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. இனி யாருக்கும் தேவைப்படாத அந்தப் பக்கத்தை அப்படியே மூடிக்கொண்டு நின்றான்.