சோய்ஜில் வண்டிக்கு அடியில்

ஊரில் யார் புது வண்டி வாங்கினாலும் எனக்கு வயிறு எரிந்ததில்லை. சோய்ஜிலின் பழைய வேனுக்கு அடியில் என் மனைவி செய்து மாட்டிய இரும்புத் தகட்டைப் பார்த்த அன்று எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அதை ஒளித்துச் சொல்ல எனக்கு வராது.

எங்கள் தரியாத் ஊரிலிருந்து ஏரிக்குப் போகிற வழி முழுக்க எரிமலைக் கல். ஒவ்வொன்றும் கோடரி மாதிரி முனை தூக்கி நிற்கும். எஞ்சினுக்கு அடியில் தொங்கும் எண்ணெய்த் தொட்டியை ஒரு கல் கிழித்தால் போதும், வண்டி அங்கேயே படுத்துவிடும். அதனால் இங்கே ஆளேற்றிப் பிழைக்கிற எல்லோரும் அடியில் கனத்த தகடு ஒன்றைப் போட்டு மறைத்துவிடுவோம். நானும் சோய்ஜிலும் வைத்திருப்பது ஒரே அச்சில் வார்த்த ஜப்பான் வேன்கள். ஒரே வாரத்தில் தலைநகர் உலான்பாத்தர் சந்தையில் வாங்கினோம்.

என் மனைவி ஊர்னா வெல்டிங் வேலை செய்பவள். எங்கள் பலகை வேலிக்குள் நிற்கும் பழைய கன்டெய்னர் பெட்டிதான் அவள் பட்டறை.

அன்று மதியம் பூஜேயின் சாப்பாட்டுக் கடை முன்னால் சோய்ஜிலின் வேன் மேட்டில் ஏறி நின்றிருந்தது. குனிந்து பார்த்தவன் அப்படியே மல்லாந்து அடியில் நுழைந்துவிட்டேன். எங்கள் வேலிக்குள் கிடந்த பழைய தண்ணீர் லாரித் தொட்டியை வெட்டிய இரும்பு, நாலு மில்லி கனம். கல்லில் குத்தாமல் சறுக்கிப் போக முன்விளிம்பை மேல்நோக்கி வளைத்திருந்தாள். கல் சீவிவிடாதபடி போல்ட் தலைகளைக் குழிக்குள் புதைத்திருந்தாள். தகட்டைக் கழற்றாமலே எண்ணெய் மாற்ற இடது பக்கம் ஒரு வட்டத் துளை. காய்ந்த புல் சிக்கித் தீப்பிடிக்காமல் உதிர, பின்னால் வரிசையாக நீள நீளத் துளைகள். விளிம்பெல்லாம் விரலை வைத்து இழுத்தாலும் கீறாதபடி ராவியிருந்தாள். பத்து வருஷம் என்னோடு ஒரே அடுப்புத் தேநீர் குடித்தவளின் கையில் இவ்வளவு இருப்பதை அடுத்தவன் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சோய்ஜில் கையில் இறைச்சிப் பொரியலோடு வந்து என் பூட்ஸைத் தட்டினான். என்னைவிட மூன்று வயது சின்னவன்.

"என்னண்ணே, உங்க வண்டியில படுக்க இடமில்லையா?"

"எண்ணெய் ஒழுகற மாதிரி இருந்துச்சு. பார்த்தேன்."

"இனிமே எங்க ஒழுகும்? அண்ணி கை வேலையாச்சே! போன வாரம் மூணு தடவ கல்லுமேல உட்கார்ந்தேன். வெண்ணெயில கத்தி போற மாதிரி போயிடுச்சு. தங்கமான கைண்ணே."

என் மனைவியின் கையை இவன் எனக்குப் புகழ்கிறான். சிரித்து வைத்தேன். பூஜே கடை வாசலில் நின்றபடி தன் பங்குக்கு எரிகிற தீயில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினாள்.

"நீ ஏரிக்குப் போன அன்னிக்கு இவன் வண்டி பொழுது சாயற வரைக்கும் உங்க வேலிக்குள்ளதான் நின்னுச்சு, தம்தின். உனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு கடைக்குள் போய்ச் சாப்பிடத் தோன்றவில்லை. இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள தகடு. ஒருவர் படுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் போல்ட் மாட்ட வேண்டும். இருவர் ஒட்டிப் படுக்கத்தான் அங்கே இடம். நாள் முழுக்க சோய்ஜில் தூக்கிப் பிடித்திருக்கிறான், என் ஊர்னா பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டே முடுக்கியிருக்கிறாள். அந்தக் காட்சியை என் கண்ணிலிருந்து பிடுங்கி எறிய முடியவில்லை. அவளுக்கு அவன்மேல் மனம் போய்விட்டதா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "சோய்ஜிலுக்கு மட்டும் அவ்வளவு அழகாவா செய்வ?"

"கேட்டான். குடுத்தேன்," என்றாள், மாவைப் பிசைந்துகொண்டே.

"அப்ப எனக்கு?"

"உனக்குத்தான் நகரத்துச் சாமான் இருக்கே."

குத்த வேண்டிய இடத்தில் குத்தினாள். வசந்தத்தில், பெட்ரோல் பங்கில் கூட்டம் நிற்கும்போது, "பொம்பள ஒட்ட வெச்சத நம்பி நான் கல்லுல ஏறுவேனா? நாலாவது கல்லுலயே கழண்டு விழும்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தவன் நான்தான். பிறகு நகரத்தில் பளபளவென்று ஒரு தகடு வாங்கி வந்தேன். முதல் சவாரியிலேயே அது நெளிந்து எஞ்சினில் உரசி, ஊர் வரைக்கும் ஒப்பாரி வைத்தது. கழற்றி வேலியோரம் போட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் பயந்து பயந்து ஓட்டுகிறேன்.

மறுவாரம் அவள் அக்கா குடும்பம் ஆடுமாடுகளோடு குளிர்கால இடத்துக்குக் குடிபெயர்ந்தது. உதவப் போனவள் மூன்று நாள் கழித்துத்தான் வருவாள். சரி, நானே செய்கிறேன், சோய்ஜிலுடையதைவிட நன்றாகவே செய்கிறேன் என்று பட்டறைக்குள் புகுந்தேன்.

ஊர்னா முதலில் அட்டையில் அளவு வெட்டி, அதை இரும்பின்மேல் வைத்து வரைந்துதான் அறுப்பாள். முன்பக்கத்தில் வண்டிக்காரன் பெயரை எழுதி வைப்பாள். எங்கள் இருவர் வேனுக்கும் பொருந்தும் அட்டை சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கியது. வடிவத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். மறுபக்கத்தில் 'சோய்ஜில்' என்று அவள் உருண்டைக் கையெழுத்தில் இருக்கும். அதை நான் ஏன் பார்க்க வேண்டும்? பெயர் கீழே போகும்படி அட்டையை இரும்பின்மேல் கவிழ்த்துப் போட்டு வரைந்தேன்.

இரண்டு நாள் அறுத்தேன், துளைத்தேன், முன்விளிம்பைச் சம்மட்டியால் அடித்து வளைத்தேன். மூன்றாம் நாள் வண்டிக்கு அடியில் கொண்டுபோய்த் தூக்கினால் ஒரு துளையும் சேரவில்லை. இடது பக்கம் வர வேண்டிய எண்ணெய்த் துளை வலது பக்கம் வந்து, வண்டிச் சட்டத்தை முறைத்துக்கொண்டிருந்தது. விளிம்பை வளைத்துத் தொலைத்ததால் இனித் திருப்பிப் போடவும் வழியில்லை. அங்கே இல்லாத சோய்ஜிலை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"யாரை அர்ச்சனை பண்ற?"

ஊர்னா வந்து நின்றிருந்தாள். தகட்டை இழுத்துப் பார்த்தாள். பட்டறைக்குப் போய் அட்டையோடு வந்தாள்.

"கண்ணாடியில பார்த்த மாதிரி வெட்டி வெச்சிருக்க. எந்தப் பக்கம் மேல இருந்துச்சு?"

"பேர் இல்லாத பக்கம்."

"ஏன்?"

"அவன் பேர நான் பார்க்கணுமா?"

அட்டையைத் திருப்பி என் மூக்குக்கு நேரே பிடித்தாள். 'தம்தின். முன்பக்கம்' என்று எழுதியிருந்தது.

"வசந்தத்துல நீ தூங்கிட்டிருந்தப்ப உன் வண்டிக்கு அடியில படுத்துத்தான் அளவெடுத்தேன். தகட்டை முடிச்ச அன்னிக்குத்தான் பூஜே வந்து, பங்குல நீ பேசினதச் சொன்னா. மூலையில சாத்தி வெச்சேன். சோய்ஜில் பார்த்தான், கேட்டான்."

வெட்கமாக இருந்தது. ஆனால் பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இரண்டு மடங்காக ஏறியது. என் தகட்டின்மேல் அல்லவா அந்தப் பயல் சறுக்கிக்கொண்டு திரிகிறான்!

"வேற ஒண்ணு செஞ்சு தர்றியா?" என்றேன்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ அளவெடுக்க மாட்டேன்."

அப்படிச் சொன்னவள் என் கோணல் தகட்டைப் பட்டறைக்குத் தூக்கிப் போனாள். நான் போட்ட துளைகளை அடைத்தாள், சாக்கட்டியால் புதிதாகக் குறித்தாள், துளைத்தாள். ஒரு கெட்டில் தேநீர் ஆறுவதற்குள் திரும்பி வந்தாள்.

"படு. ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடி."

படுத்தேன். பிடித்தேன். துரு கண்ணில் கொட்டியது. பக்கத்தில் படுத்து அவள் முதல் போல்ட்டை நிதானமாகத் திருகினாள். இரண்டாவது முடிவதற்குள் என் தோள் நடுங்க ஆரம்பித்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"சோய்ஜிலும் இப்படித்தான் பிடிச்சானா?"

"அவனா? உள்ள உன் கட்டில்ல சாஞ்சு டிவியில மல்யுத்தம் பார்த்துட்டிருந்தான்."

"அப்ப யாரு பிடிச்சா?"

"ஜாக்கி."

"அத இப்ப எடுத்து வெச்சா என்ன? கை விட்டுப் போகுது ஊர்னா!"

"எதுக்கு? நீ இருக்கியே," என்றாள். மூன்றாவது போல்ட்டை இன்னும் மெதுவாகத் திருகத் தொடங்கினாள்.