ராணி கதவைச் சாத்தினாளா?

பல் டாக்டரம்மாவிடம் போகிறவர்களுக்கு அந்த மாதம் இரட்டை வேதனை. பல்லைக் குடைவது போதாதென்று, புதிதாக வந்த டிராகன் படத்தைப் பற்றிய அவளுடைய புலம்பலையும் கேட்க வேண்டியிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்கள் எதிர்த்துப் பேசவா முடியும்?

படத்தின் மூலக்கதை ஐந்து பாக நாவல். கல்லூரி விடுதியில் அவள் சோறு தண்ணீர் மறந்து படித்தது. குழந்தை ராணியை முதுகில் சுமந்து வளர்த்த டிராகன், ஒருநாள் அவள் நகரத்தையே எரித்துவிட்டுப் பறந்துவிடும். கடைசியில் கிழடுதட்டிப்போய்க் கோட்டை வாசலில் வந்து மன்னிப்புக் கேட்டுக் கிடக்கும். ராணி கதவைச் சாத்திவிடுவாள். அந்த ஒரு கதவுக்காகவே அவளுக்கு அந்த நாவல் உயிர். படத்திலோ ராணி ஓடிப்போய் டிராகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னணியில் ஒரு கூட்டமே வயலின் வாசித்தது.

போதாக்குறைக்கு, பக்கத்து இருக்கையில் அவள் கணவன் மூக்கை உறிஞ்சினான்.

"அழறீங்களா? இந்த இடத்துலயா?"

"பாவம், வயசான டிராகன்."

"ஊரையே கொளுத்தினது அது!"

"அதுக்காக வாசல்லயே நிக்க வச்சா பேசறது?"



மறுநாளிலிருந்து நோயாளிகளின் பாடு திண்டாட்டமானது. வேர் சிகிச்சைக்கு வந்த ஒரு வக்கீலம்மாவிடமும் அதே கச்சேரியைத் தொடங்கினாள். பாதியில் வக்கீலம்மா கையைத் தூக்கினாள். டாக்டரம்மா பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"வலிக்குதா மேடம்?"

மரத்துப்போன உதட்டைக் கோணிக்கொண்டு வக்கீலம்மா சொன்னாள்: "இழ்ழ. பதம்தான் கழெக்த்."

"என்னது?"

"பதம்! நாவழ்ழ கதவ சாத்தவே இழ்ழ. போய்ப் பதிங்க."

டாக்டரம்மாவுக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் மனப்பாடமாக வைத்திருப்பவளிடம் வந்து இப்படியா? "வாயத் திறங்க" என்றாள், கொஞ்சம் அதிகப்படியான சத்தத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வக்கீலின் மூக்கை உடைப்பதற்கென்றே ஐந்தாம் பாகத்தை எடுத்து உட்கார்ந்தாள். கடைசி அத்தியாயத்தை ஒருமுறை படித்தாள். ஏதோ பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று மறுபடி படித்தாள். 'ராணி வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.' அவ்வளவுதான். கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திறந்திருந்ததா, மூடியிருந்ததா, ஒன்றும் இல்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை முதன்முதலாகப் படித்தது, அப்பா வீட்டை விட்டுப் போய் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்த வருஷம். அப்பா ஒருமுறை விடுதி வாசலுக்கு வந்தார். அவள் கீழே இறங்கவேயில்லை.

கண் கலங்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. வக்கீல்மேல், தன்மேல், எல்லாரையும்விட அந்த எழுத்தாளர்மேல். ஐந்து பாகம் எழுதத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு கதவைச் சாத்தவோ திறக்கவோ ஒரு வரி எழுதத் தெரியாதா?

அடுத்த முறை வக்கீலம்மா வந்து உட்கார்ந்ததும், ஊசி போடும் முன்பே சொல்லிவிட்டாள். "பாத்துட்டேன் மேடம். சாத்தல."

"அப்ப நான் ஜெயிச்சேன்!"

"அதெப்படி? கட்டிப்பிடிக்கவும் இல்லையே!"

வக்கீலம்மா ஒரு கணம் யோசித்தாள். "அதுவும் சரிதான். நானும் படத்தையே நெனச்சுட்டு இருந்துட்டேன் போலிருக்கு." இருவரும் சிரித்துவிட்டார்கள். வெளியே காத்திருந்தவர்கள், உள்ளே பல் பிடுங்குகிறார்களா கூத்தடிக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது, கணவன் சோபாவில் ஐந்தாம் பாகத்தோடு படுத்திருந்தான். கரடியாகக் கத்தியும் இதுவரை அவளுடைய ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாதவன். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள்.

"என்னங்க இது, கடைசிப் பக்கத்தப் படிக்கிறீங்க?"

"முடிவு நல்லா இருந்தாத்தானே முதல்லேர்ந்து படிக்கலாம்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு, முதல் பாகத்தை எடுத்துவந்து அவன் வயிற்றின்மேல் பொத்தென்று போட்டாள்.