நதியா பெயரில்

இறந்து கிடந்த அண்ணனின் கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டப் போன வீரம்மாள் அத்தை, கிழித்த துணியோடு அப்படியே நின்றாள். இடது கட்டைவிரலில் நீல மை.

"என்னடி இது?"

நதியா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, கழன்று கழன்று வந்த தாடைக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை ஈரத்துணியால் தேய்த்தாள். மை இன்னும் பரவியது.

"ஏலே பழனிக்குமாரு, இங்க வந்து பாருலே. உசுரு போறதுக்குள்ள ஒங்கப்பங்கிட்ட ரேகை வாங்கியிருக்கா."

விடிகாலைதான் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த தம்பி, வாசலில் பந்தல்காரரை விட்டுவிட்டு உள்ளே வந்தான். விரலைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"எதுலக்கா வாங்குன?"

சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருக்க, சுற்றிலும் பள்ளங்கி ஊர்ச் சனம் உட்கார்ந்திருக்க, எங்கிருந்து ஆரம்பிப்பது?

அவளுக்குப் பத்தொன்பது வயதில் அப்பா சேனாதிபதி பெருமாள்மலையில் பூண்டு மண்டி போட்டார். "எம்மக பேருதான் ராசி" என்று கடையையும் பேங்க் லோனையும் அவள் பெயரிலேயே எழுதினார். காட்டிய இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். சில வருஷங்களில் பூண்டு விலை விழுந்தது. கடனுக்குச் சரக்குப் போட்ட விவசாயிகள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றார் ஒரு வக்கீல். கொடுத்தவள் நதியா. திவாலானவள் என்று கோர்ட் அறிவித்ததும் நதியாவைத்தான். வெளியே அப்பா அவளுக்கு டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். அது ஆறிப்போயிருந்தது.

அப்புறம் கொடைக்கானலில் ஓர் இன்ஜினியரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். நிலத்தை அளந்து, சரிவு பார்த்து, பாதை பார்த்து, இன்ன விலை பெறும் என்று மதிப்புப் போடுகிற சோலி. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவள் எழுதினாள், அவர் கையெழுத்துப் போட்டார். சொந்தமாகச் செய்ய லைசென்ஸ் வேண்டும். பரீட்சையில் தேறினாள். ஆனால் விண்ணப்பம் திரும்பி வந்தது. திவாலானவரைக் கோர்ட் விடுவித்திருந்தால் ஒழிய லைசென்ஸ் கிடையாதாம். அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கவேண்டும் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கேட்கப் போனபோது, பூண்டு கொடுத்தவர்கள் எதிர்த்தார்கள். பணத்தை ஒளித்ததே இந்தப் பெண்தான் என்றார்கள்.

"கடைய நடத்துனது நாந்தான், அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் வந்து சொல்றேன் தாயி" என்றார் அப்பா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார். ஒவ்வொரு தடவையும் வழக்கு தள்ளிப்போனது. பிறகு நுரையீரல் கெட்டுப்போய், பஸ் ஏறுவதும் நின்றது. வாக்குமூலத்தை டைப் அடித்து அனுப்பிய வக்கீல், நேரில் வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

அவர் புறப்பட்டது நேற்று. மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றுவிட்டன. மதியம் அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"வெரசா கொண்டா" என்று அவரே கையை நீட்டினார். பேனா விரலில் நிற்கவில்லை. மையில் விரலை அமுக்கி, காகிதத்தில் வைத்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"போதும்பா."

"நல்லாப் பதியட்டும்."

அதற்குமேல் அவர் பேசவில்லை.

சாயங்காலம் வந்து சேர்ந்த வக்கீல், முதலில் அப்பாவைக் கும்பிட்டார். பிறகு காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் முன்னால இல்லாம வச்ச ரேகைம்மா. செல்லாது. அவரு ஒருத்தருதான் நமக்குச் சாட்சி."

"வேற வழி இல்லீங்களா சார்?"

"பாப்போம்" என்றபடி செருப்பைத் தேடினார்.

"கேக்குறேன்ல, எதுலக்கா வாங்குன?" தம்பியின் குரல் உயர்ந்தது.

"வீட்டுல ஒம் பங்கு அப்பிடியே கெடக்கு. யாரும் தொடல."

"அப்ப மை எப்பிடி வந்துச்சு?"

பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். நதியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அத்தை சீவிவிட்ட தலை, திருநீறு பூசிய நெற்றி.

"தெரியாமப் பட்டிருச்சு" என்றாள்.

யாரும் நம்பவில்லை. அத்தை வெடுக்கென்று முடிச்சை இறுக்கினாள். தம்பி அதற்கப்புறம் அவளிடம் பேசவில்லை. கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆண்கள் போனதும் தூறல் விழுந்தது. திரும்பி வருகிறவர்களுக்கு டீ போட வீட்டுக்குப் பின்னால் கல் கூட்டியிருந்தார்கள். காற்றில் அடுப்புத் தீ நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், மாட்டுக்கொட்டகைக்குள் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒரு தகரத்தை இழுத்துவந்து, அடுப்புக்கு மறைப்பாகச் சாய்த்து வைத்தாள்.

புதுத் தகரம். வெள்ளைப் பெயின்டின் மேல் பச்சை எழுத்து. சே.நதியா, நில மதிப்பீட்டாளர், பெருமாள்மலை. கீழே அப்பாவின் செல் நம்பர்.

நதியா அதை இதற்குமுன் பார்த்ததில்லை.

"இப்பத்தான் அடுப்பு நிக்குது" என்றாள் அத்தை. நதியாவின் முகத்தைப் பார்க்காமலே, "தம்ளரக் கழுவு. இப்ப வந்துருவாக" என்றாள்.

எழுத்துகள் இருந்த பக்கம் தீயைப் பார்த்து இருந்தது. கீழ்வரியிலிருந்து புகை ஏறிக்கொண்டிருந்தது. நதியா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தம்ளர்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள்.