மூத்தவள்

ஃபேன் சுவிட்சில் சித்தப்பாவின் விரல் பட்டதும் அக்கா கத்திவிட்டாள்.

"போடாதீங்க சித்தப்பா!"

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் தம்பி படுத்திருந்தான். மழித்த முகம், சலவைச் சட்டை. உயிரோடு இருந்தவரை எந்த விசேஷத்துக்கும் இவ்வளவு சுத்தமாக அவன் வந்ததில்லை.

"என்னம்மா இது, வேர்த்துக் கொட்டுது. வந்தவங்க மயங்கி விழணுமா?"

"வண்டி வரட்டும். அதுவரைக்கும் வேண்டாம்."

சித்தப்பா கையை எடுத்துவிட்டுச் சித்தியிடம் போய் முணுமுணுத்தார். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்லியிருப்பார். சொல்லட்டும். அந்த ஃபேனை ஞாயிற்றுக்கிழமை நிறுத்தியது தம்பி. அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. சுவரோரம் தள்ளிப் போட்ட மேசையையும் அவள் யாரையும் தொட விடவில்லை. பகடைகள், பென்சில்கள், கிறுக்கிய தாள்கள், அடியில் டீ காய்ந்த அவனுடைய கப் எல்லாம் அப்படியே கிடந்தன.

"அந்த விளையாட்டுக் கூட்டம் காலையிலேருந்து படிக்கட்டுல நிக்குது. விரட்டி விடட்டுமா?" என்றார் சித்தப்பா.

அக்கா படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். காலையில் அவர்களை வாசலிலேயே மறித்து, "உள்ளே வராதீங்க" என்று சொன்னவளே அவள்தான்.

ஞாயிறுதோறும் அந்த மூன்று பேரும் வருவார்கள். டீச்சர், பஸ் ஓட்டும் டிரைவர், செல்போன் ரிப்பேர் செய்யும் நெட்டை. தம்பி கதையை நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டுவார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கப்பல், தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கும் கப்பல். நாற்பது வயதில் இது என்ன சொப்பு விளையாட்டு என்று அக்கா கேட்பாள். கேட்டுக்கொண்டே நாலு பேருக்கும் டீ போடுவாள்.

ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, சூரியனையே பார்க்காத சனங்க எதைக் கும்பிடுவாங்க?"

"மூச்சு விடணும்ல? காத்தைக் கும்பிடட்டும். போய் வேலையைப் பாரு."

அவன் போய் ஒரு மதத்தையே செய்துகொண்டு வந்தான். வேலையே அவனுக்கு அதுதானே. பெரிய கட்டடங்களின் ஏசி குழாய்களைக் கழற்றி, உள்ளே படிந்த தூசியை வழித்தெடுப்பது. கப்பலில் காற்றை வெளியே விட முடியாது, விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். மனக்குறையும் அப்படித்தான் காற்றில் தங்கிவிடும் என்பது அவர்கள் வேதம். அதனால் ஒருவர் சாகும்போது காற்றாடியை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, அவர்மேல் உள்ள குறையை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். புகழக் கூடாது. காற்றாடி நின்றிருக்கும்வரை பொய் கூடாது. ஒருவர் முறை வந்துவிட்டால் அவர் பேசும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஞாயிறு அன்று கதையில் கப்பலின் கிழட்டு குரு செத்தார். குருவாக நடித்தவன் தம்பி. ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்தான். பிரமாதமான நடிப்பு என்று மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"ஒரு தடவையாவது என்னைக் கேப்டன் ஆக்கினீங்களா?" என்றாள் டீச்சர்.

"தலைவரே, உங்க பகடை மட்டும் எப்பவும் ஆறாவே விழுது. ஏதோ தில்லுமுல்லு இருக்கு" என்றார் டிரைவர்.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "என் குறையையும் சேர்த்துக்கோங்க. குடிச்ச கப்பை ஒரு நாளாவது கழுவியிருக்கானா இவன்?"

கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்து நெட்டையின் முறை. நெட்டை எதையும் யோசித்துத்தான் சொல்வான். அது ஊரறிந்த விஷயம். அவன் யோசித்தான், மற்றவர்கள் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நெட்டை, "அண்ணா, எனக்கு ஒண்ணும் தோணல" என்றபோது பதில் வரவில்லை.

இப்போது அக்கா எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். டீச்சரின் முகம் வீங்கியிருந்தது.

"மேல வாங்க" என்றாள்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அக்கா யாரையும் பார்க்காமல் டீச்சரை நேராகக் கேட்டாள்.

"ஃபேன் இன்னும் போடல. பொய் சொல்லக் கூடாது. நான் கப்பைப் பத்திச் சொன்னப்ப அவன் சிரிச்சானா?"

டீச்சர் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சிரித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்த்தவர் யார்?

"தெரியலக்கா. நாங்க கண்ணை மூடியிருந்தோம்."

அக்கா தலையை ஆட்டினாள். அவர்கள் மூவரையும் அறைய வேண்டும் போலிருந்தது. தன்னையும்தான். பக்கத்து அறையில் தம்பி செத்துக்கொண்டிருக்க, அவள் கப்பைப் பற்றிப் பேசியிருக்கிறாள்.

"அது இன்னும் முடியலக்கா" என்றாள் டீச்சர் மெதுவாக. "நெட்டை சொல்லல. அவன் சொல்லாம..."

"என்னம்மா நடக்குது இங்க? சாவு வீட்டுல விளையாட்டா?" என்று சித்தப்பா எழுந்தார். கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. "வண்டியும் வந்தாச்சு. தூக்குங்கப்பா."

"இருங்க சித்தப்பா. அவன் சொல்லட்டும்."

நெட்டை தலைமாட்டில் வந்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டான். ஹாரன் மறுபடி அடித்தது. சித்தி விசிறிக்கொண்டிருந்த செய்தித்தாளை மடியில் வைத்துவிட்டாள். அவன் எப்போதும் போல யோசித்தான். இந்த முறை அக்கா கண்ணை மூடவில்லை, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா," என்றான் நெட்டை. "எல்லாரும் என்னை அவசரப்படுத்துவாங்க. நீங்க மட்டும்தான் நான் யோசிச்சு முடிக்கிறவரைக்கும் இருப்பீங்க." நிறுத்தி மூச்சு வாங்கினான். "அன்னைக்கு இருக்கலையே. அதான் என் குறை."

டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெரிய உடம்பு குலுங்கியது.

"இப்ப மூத்தவள் முடிச்சு வச்சு ஃபேனைப் போடணும்" என்றாள் டீச்சர்.

"அது யாரு?" என்றார் சித்தப்பா.

"காத்தைக் கும்பிடச் சொன்ன முதல் ஆள். அந்த மதமே அவங்க சொன்னதுலதான் ஆரம்பிக்குது." டீச்சர் அக்கா பக்கம் திரும்பித் தயங்கினாள். "அது நீங்கதான்னு அவர் சொல்லலையா?"

சொல்லவில்லை. ஞாயிறுதோறும் சமையலறைக் கதவு வழியாக 'மூத்தவள்' என்று கேட்கும். தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

"நான் கப்பைப் பத்திச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்க முடியாதுக்கா. சொன்னது சொன்னதுதான்."

அவன் வைத்த விதியாகத்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்தே தாயத்தில் வைத்த காயை எடுக்க விடமாட்டான்.

அக்கா சுவிட்சின் பக்கத்தில் போய் நின்றாள். சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும், எத்தனையோ ஞாயிறு காதில் விழுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தங்கினது போகட்டும்."

அவளுக்கு ஒன்றும் போகவில்லை. சுவிட்சைப் போட்டாள்.

ஃபேன் கிறீச்சிட்டுக் கிளம்பியது. ஊரெல்லாம் காற்றைச் சுத்தம் செய்தவன் இதற்கு எண்ணெய் போடுகிறேன் என்று சொல்லியே காலத்தைக் கடத்திவிட்டான். நாலு பேர் குனிந்து அவனைத் தூக்கினார்கள். மேசையிலிருந்த தாள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கூடமெங்கும் பறந்தன, சித்தி பிடிக்கப் போனாள். கப்புக்கு அடியில் இருந்த தாள் மட்டும் ஓரம் படபடத்துக்கொண்டு அங்கேயே கிடந்தது.