அபிசாயின் இடது காது

லிதியானா ஓடிப்போன வாரம், அவள் அப்பா அபிசாயின் இடது காது கழன்று பாயில் விழுந்தது. ரத்தமில்லை, வலியில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தவர் காதைத் துடைத்து ஜன்னலில் வைத்துவிட்டு மீதிக் கிழங்கைத் தின்றார்.

காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் ஃபிஜி மொழியில் கத்தி, வீடு, படகுக்கெல்லாம் ‘என்’ தனியாக முன்னால் நிற்கும், நாளைக்கே விற்றுவிடலாம். கை, காது, பெற்ற பிள்ளைக்கு அது சொல்லின் வாலிலேயே ஒட்டியிருக்கும், பிய்க்கக் கூடாது. அந்த மனுஷன் பிய்த்தார். வீட்டில் கேட்காமல் கரும்பாலைப் பையனோடு லம்பாசாவுக்குப் போன மகளை, தேவாலய வாசலில் அத்தனை பேர் முன்னால், கத்திக்குச் சொல்லும் ‘என்’னை வைத்துச் சொன்னார். மறுநாளே உடம்பும் அவரை விட ஆரம்பித்தது.

காதுக்குப் பிறகு இரண்டு கால்விரல்கள். அப்புறம் கைகள், மணிக்கட்டோடு. மனைவி வாசெமதா அவற்றை ஓலைக்கூடையில் போட்டுப் பன்றி எட்டாத உயரத்தில் கட்டினாள். அவர் இருமினால் நெஞ்சுக்குள் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. அவள் கூடைக் கயிற்றை இறுக்கிக்கொண்டே கத்தினாள்.

“வெளிய இருக்கறது விழுந்தா பொறுக்கிடுவேன். உள்ள இருக்கறது கழண்டா நான் என்னய்யா பண்ணுவேன்? ஒரு தடவை அவள ஒழுங்கா கூப்பிட்டுத் தொலையேன்!”

“மாட்டேன்.”

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, பையன் வீட்டார் திமிங்கிலப் பல்லோடு மன்னிப்புக் கேட்க வந்து வாசற்படியோரம் தலைகுனிந்து உட்கார்ந்தார்கள். பல்லைக் கையில் வாங்கினால் கோபம் தீர்ந்தது. வாங்காவிட்டால் இரண்டு ஊருக்கும் ஜென்மப் பகை. அபிசாய்க்கு வாங்கக் கையில்லை.

“என்ன மச்சான், கூடைய இறக்கட்டுமா? கைய மட்டும் அனுப்பி வாங்கிக்கறியா?” என்றான் மைத்துனன் நெமானி. கேலி பேசுவது அவன் உரிமை. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை.

அபிசாய் இருமினார். உள்ளே உருண்டது தொண்டைவரை வந்து நின்றது. வாசெமதா இரண்டு கையையும் அவர் வாய்க்கு நேரே ஏந்தினாள். கூட்டத்தின் பின்னாலிருந்து, நிறைமாத வயிற்றோடு லிதியானா நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா! உன் கையெல்லாம் எங்கப்பா?”

“லுவெங்கு,” என்றார் அவர். என் மகளே. ‘என்’ சொல்லின் வாலில் ஒட்டியே இருந்தது.

உருண்டது கீழே இறங்கியது. கூடை ஆடியது. கைகள் வந்து ஒட்டிய வேகத்திலேயே பல்லை வாங்கிக்கொண்டன.

வெயிலில் காய்ந்த காது மட்டும் ஒட்டவில்லை. லிதியானா அதைக் கைக்குட்டையில் முடிந்து லம்பாசாவுக்கு எடுத்துப்போய்த் தொட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இங்கே நாங்கள் ஏதாவது பேசப் போனால் அபிசாய் காதில்லாத பக்கம் தலையைச் சாய்த்து, கையைக் காட்டி நிறுத்துவார்.

“இருங்கப்பா, புள்ள அழுவுது.”

அழுகை ஓயும்வரை காத்திருந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.