தூங்குகிற தோணிக்காரன்

ஒரு பாட்டைத் திட்டியே ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றலாம் என்று எவராவது சொல்லியிருந்தால், நல்லரத்தினம் மாஸ்டர் முதலில் அந்த வசனத்தில் எதற்கு இரண்டு 'ஒரு' என்று கேட்டிருப்பார். அப்படிப்பட்ட ஆள். நாவற்குடாவில் தமிழ் படிப்பித்தார், 'வாவிமுரசு' மாத இதழில் விமர்சனம் எழுதினார். மட்டக்களப்பில் எவர் எதைப் பாடினாலும் ஆடினாலும் மாஸ்டரின் பேனாவுக்குத் தப்பி வீடுபோய்ச் சேர்ந்ததில்லை.

எழுபத்தேழில் நகரத்து மண்டபம் ஒன்றில் 'சூறாவளி' வாத்தியக் கோஷ்டி மேடையேறியது. சங்கக்கடையில் வேலைபார்த்த கதிர்காமத்தம்பி சட்டையை நெஞ்சுவரை திறந்துவிட்டு, மின்சாரக் கிற்றாரோடு ஒரு ரொக் பாட்டுப் பாடினான். காத்தான்குடிப் புடவைக்கடைப் பாறூக் தோல்வாத்தியங்களைப் போட்டு அடித்தான்.

தோணிக்காரன் தூங்குறான் – என்
தோழி அங்கே ஏங்குறாள்
கூப்பிட்டாலும் கேக்கல்ல
கூலி தந்தும் தோணி இல்ல

பாட்டு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கிற்றார். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் பெண் பார்க்கப் புறப்பட்ட கதிர்காமத்தம்பி, தோணிக்காரன் சீனித்தம்பி நித்திரையால் எழும்பாமல் நல்ல நேரத்தைத் தவறவிட்ட ஆத்திரத்தில் கட்டியது. அடுத்த நல்ல நாளில் போய் அதே பெண்ணை, புஸ்பத்தை, கட்டிக்கொண்டான் என்பது வேறு கதை.

மேல்நாட்டுச் சங்கீதம் தெரிந்த கனவான்கள், அடி கூத்து மத்தளம் மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். கூத்து அண்ணாவிமார் கிற்றாரைக் கேட்டு, மரக்காலையில் பலகை அரிகிறார்களா என்று விசாரித்தார்கள். சீனித்தம்பி தன் பேரைக் கெடுத்ததற்கு வழக்குப் போடப் பிரக்கிராசியைத் தேடினார். அந்தப் பாட்டைச் சரியாக விளங்கிக்கொண்ட இரசிகர் அவர் ஒருவர்தான்.

மாஸ்டர் இரண்டு பக்கம் எழுதினார். 'இதில் பொருள் என்று ஒரு துரும்பும் கிடையாது. இன்று கேட்டவன் நாளை மறப்பான். நாளை மறக்காதவன் வைத்தியரைப் பார்ப்பது நன்று.' கதிர்காமத்தம்பி அதன்பிறகு அவரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்தால் போனான். மறு வருடம் நிசச் சூறாவளியே வந்து கோஷ்டியின் ஒலிபெருக்கிகளை வாவிக்குள் தூக்கி எறிந்தபோது, இயற்கையும் தன் கட்சி என்று மாஸ்டர் நினைத்தார்.

பிறகு சண்டை வந்தது. துறைகளில் தடை, சந்திகளில் தடை. சனம் வெயிலில் வரிசையாகக் காய்ந்தது. காத்திருக்கிறவனுக்கு வாயைத் தவிர வேறென்ன வேலை? எவனோ ஒருவன் 'தோணிக்காரன் தூங்குறான்' என்று முணுமுணுத்தான். வரிசை முழுக்கச் சிரித்தது. மறந்துபோகும் என்று மாஸ்டர் தீர்ப்பளித்த பாட்டு ஊரெல்லாம் எழும்பி நடமாடத் தொடங்கியது.

இராணுவ முகாமில் ஒருவருக்கு அது கேட்டது. தூங்குகிறவன் யார்? அரசாங்கமா? கதிர்காமத்தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொல்லட்டும் என்று சீனித்தம்பியைக் கூப்பிட்டால், தான் பிறந்த நாள் தொட்டுக் கண் மூடியதே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார்.

புஸ்பம் தலைவிரி கோலமாக மாஸ்டரின் வளவுக்குள் ஓடிவந்தாள்.

"சேர், அந்தப் பாட்டு ஒண்டுக்கும் உதவாதெண்டு எழுதின ஆள் நீங்கதானே? வந்து அத அவங்களிட்டச் சொல்லுங்க சேர். உங்களக் கும்பிட்டன்."

மாஸ்டர் சால்வையைப் போட்டுக்கொண்டு போனார். பொருளில்லை, யாப்பில்லை, பண்பாடில்லை என்று அவர் பிரித்துப் பிரித்து விளக்க, மொழிபெயர்ப்பாளன் வியர்த்துப்போனான். அதிகாரி கொட்டாவி விட்டார். இப்படி ஒரு படித்த மனிதர் இவ்வளவு நேரம் வெறுக்கக்கூடிய பாட்டில் அரசியல் இருக்காது என்று முடிவு செய்து, கதிர்காமத்தம்பியை விட்டுவிட்டார்.

தன் விமர்சனம் உலகத்தில் ஏதோ ஒன்றை அசைத்தது அதுதான் முதல்தடவை. மாஸ்டர் வீடு வரும்வரை நிமிர்ந்தே நடந்தார்.

அமைதி காக்க வந்த இந்தியப் படையினர், கடல் தாண்டி வந்த தங்களைத்தான் தோணிக்காரன் என்கிறான் என்று கருதினார்கள். மாஸ்டர் போனார். அவர்கள் போன பின் மறுபடி முகாம். மறுபடி மாஸ்டர். ஒவ்வொரு முறையும் வசையைப் புதுக்கினார். குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பாட்டின் கசற்றை இரவல் வாங்கிக் கேட்டார். எந்த இடத்தில் கதிர்காமத்தம்பி மூச்சு வாங்குகிறான், எங்கே பாறூக்கின் அடி ஒரு கணம் பிந்தி விழுந்து நெஞ்சில் குத்துகிறது, எல்லாம் அவருக்குப் பாடமாயிற்று. அந்தப் பாறூக் இப்போது காத்தான்குடியை விட்டு வெளியே வருவதில்லை. இவர்களும் அங்கே போவதில்லை. தொண்ணூறாம் ஆண்டின் தமிழர் முஸ்லிம் கொலைகள் அப்படிச் செய்துவிட்டன.

இந்த நேரத்தில்தான் மாஸ்டரின் தம்பி வினாயகமூர்த்தியைப் படுவான்கரை வட்டையில் பாம்பு கடித்தது. வயலில் நின்றவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தார்கள். அன்று தோணி ஓடக்கூடாது என்று கட்டளை. ஆஸ்பத்திரி இந்தக் கரையில், தம்பி அந்தக் கரையில். சேதி கேட்டு ஓடிவந்த மாஸ்டர், துறையில் காவல் நின்றவர்களிடம் கெஞ்சினார். தோணிக்காரர்களிடம் கெஞ்சினார். அக்கரையில் யாரோ வெள்ளைச் சாரனை அசைப்பது தெரிந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டிப்போனது. பொழுது சாயும்போது வெள்ளைச் சாரன் அசையவில்லை.

தான் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூப்பிட்டாலும் கேக்கல்ல, கூலி தந்தும் தோணி இல்ல. அவர் கற்ற இலக்கியம் முழுவதிலும் அந்த நேரத்துக்கு உதவ வேறு ஒரு வரியும் வரவில்லை. துறையிலே குந்தி, சிறுபிள்ளை மாதிரி அழுதார்.

தம்பியின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சில நாளில் புஸ்பம் மறுபடி வந்து நின்றாள்.

"இந்தமுற படுவான்கரையில சேர். இயக்கத்துப் பொடியன்மார் கொண்டுபோயிற்றாங்க. தோணிக்காரனெண்டு தங்கட ஆக்களத்தான் நையாண்டி பண்ணினதாம். மறுகா என்ன செய்வாங்களெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். மாஸ்டர் சால்வையை எடுத்தார்.

வவுணதீவுப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் பொறுப்பாளர் இருந்தார். மாஸ்டரிடம் படித்தவர். எழும்பி நின்று கதிரை போட்டார். மூலையில் கதிர்காமத்தம்பி சுவரோடு ஒட்டி நின்றான். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"சேர், நீங்க பொய் சொல்லமாட்டீங்க, எனக்குத் தெரியும்" என்றார் பொறுப்பாளர். "இந்தப் பாட்டில ஏதும் இரிக்கா?"

இத்தனை வருடமாக மாஸ்டர் எங்கும் பொய் சொன்னதில்லை. நம்பியதைத்தான் சொன்னார். இன்றைக்குத்தான் சொல்லவேண்டியது பொய். 'இரிக்கு மனே, எல்லாம் அதுக்குள்ளதான் இரிக்கு' என்பது நாக்கின் நுனிவரை வந்தது. மூலையில் நின்றவன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒண்டுமில்ல" என்றார் மாஸ்டர். "வெறும் சத்தம். வேலையில்லாதவன் கட்டினது. தூங்குறானாம், ஏங்குறாளாம். இதெல்லாம் ஒரு பாட்டா? இதக் கேட்டு ஒரு மனிசனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருமா?"

அவருடைய கண்களிலிருந்து அது பொலபொலவென்று கொட்டியது. நிறுத்த முடியவில்லை. பொய்யை விடாமல் சொல்லிக்கொண்டே அழுதார்.

பொறுப்பாளர் உருகிப்போனார். "தமிழ் இப்பிடிக் கெட்டுப்போச்செண்டு சேருக்கு எவ்வளவு கவல பாருங்க" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார். பிளேன்ரீ வந்தது. கதிர்காமத்தம்பியை எச்சரித்து அனுப்பினார்கள்.

வட்டைக்கு நடுவே துறைக்குப் போகும் பாதையில் கதிர்காமத்தம்பி சைக்கிளை மிதித்தான். மாஸ்டர் பின்னால் கரியரில் இருந்தார்.

"இந்தமுற கொஞ்சம் கூடிப்போச்சு சேர்" என்றான் அவன், திரும்பாமல். "உசிரு தப்பினதுக்கு நான் கொற சொல்லல்ல. ஆனா வேலையில்லாதவன் கட்டினதெண்டு சொல்லாம விட்டிரிக்கலாம்."

கதிர்காமத்தம்பி ஊதிப்போன வாயால் மூச்சு வாங்குவது கேட்டது. கசற்றில் கேட்ட அதே மூச்சு.

"நல்ல பாட்டு தம்பி" என்றார் மாஸ்டர்.

சைக்கிள் ஆடி நின்றது. கதிர்காமத்தம்பி காலை ஊன்றிக்கொண்டு முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், வரம்புகளைப் பார்த்தான். கண்ணுக்கெட்டியவரை ஆளில்லை.

"மெதுவாச் சொல்லுங்க சேர், ஆரும் கேட்டா ரெண்டு பேர்ட கதையும் முடிஞ்சிரும்" என்றான். பிறகு, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றான்.