தோற்றவர் செலவு

மங்கம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் படித்தன, இரண்டும் பெங்களூரில் வேலைக்குப் போயின, இரண்டும் வீடு வாங்கின. இரண்டு வீட்டிலும் அவளுக்கு ஒரு கட்டில் போட இடமில்லை. மகன் மனோகருக்கு ஒயிட்ஃபீல்டில் மூன்று படுக்கையறை. ஒன்றில் அவனும் மனைவி ரஷ்மியும், ஒன்றில் மகள், மூன்றாவதில் அவனுடைய கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் யாராவது இருமினால் அதற்கு ஆகாதாம். மகள் இந்துவுக்குக் கே.ஆர்.புரத்தில் இரண்டே அறை. அங்கே ஏற்கெனவே மாமியார் இருக்கிறாள். ஒரு வீட்டுக்கு ஒரு கிழவி போதும் என்று இந்துவின் கணவன் வாசு கறாராகச் சொல்லிவிட்டான்.

மழைக்காலத்தில் குழாயடியில் வழுக்கி விழுந்து மங்கம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நடக்கிறாள். தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் இத்தனை நாள் அவளுக்குச் சோறு கொடுத்து, தலைக்கு ஊற்றி விட்டவள் பக்கத்து வீட்டு வெங்கடம்மா. அவளும் பொங்கல் முடிந்ததும் ஆந்திராவில் குப்பம் ஊரில் இருக்கும் மகள் வீட்டோடு போகிறாள். கிழவியைத் தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனும் தங்கையும் போனிலேயே சண்டை போட்டு, அழுது, பழைய கதையெல்லாம் கிளறி, கடைசியில் ஓய்ந்துபோய் ஒரு ஆட்டத்தில் தீர்த்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். தோற்றவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இதைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டாம். தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிறவர்களுக்கு இது சகஜம். விடியற்காலை வண்டியில் மடிமேல் பை, பைமேல் துண்டு, துண்டுமேல் சீட்டுக்கட்டு. தோற்றவன் செலவு. பங்காருப்பேட்டையில் எல்லோருக்கும் டீயும் வடையும் அவன் வாங்கித் தர வேண்டும். கல்யாணத்துக்கு முன் மனோகரும் இந்துவும் பல வருஷம் அந்த வண்டியில் போனவர்கள். ஆபீசில் யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஒரு அட்டை ஆட்டத்தை மனோகர் ஒருநாள் ரயிலுக்குக் கொண்டுவந்தான். அன்றோடு இருவரும் சீட்டை மறந்தார்கள். இரண்டே பேர் ஆடுவது, மாலூர் தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

ஒட்டுப் போர்வை தைக்கிற ஆட்டம் அது. ஆளுக்கு ஒரு கட்டம் போட்ட அட்டை, அதுதான் போர்வை. நடுவே வட்டமாகத் துணித்துண்டுகள் கிடக்கும். அவையும் அட்டைதான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல். ஒரு துண்டை வாங்கப் பட்டன் கொடுக்க வேண்டும், அதைத் தைக்க நேரமும் செலவாகும். இருவருடைய நேரமும் தீர்ந்ததும் கையில் மிஞ்சிய பட்டனை எண்ணி, போர்வையில் ஓட்டையாக நிற்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பட்டன் கழிக்க வேண்டும். மீதி அதிகம் உள்ளவர் ஜெயித்தார். பார்க்கச் சாதுவான ஆட்டம். ஆனால் தனக்கு வேண்டாத துண்டை, எதிராளிக்கு வேண்டும் என்பதற்காகவே வாங்கிப் போடும் அற்பத்தனமும் அதில் உண்டு. அதில் அண்ணனும் கெட்டி, தங்கையும் கெட்டி.

மங்கம்மாவுக்குத் தெரிந்த சட்டமோ வேறு. அவள் புருஷன் ராஜப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் குழம்பில் ஒரு நல்லி எலும்புதான் தேறும். பிள்ளைகள் தாயம் உருட்டுவார்கள், ஜெயித்த பிள்ளைக்கு நல்லி. சைக்கிளில் அப்பாவோடு சினிமாவுக்குப் போக ஒரு பிள்ளைக்குத்தான் இடம். அதற்கும் தாயம்தான், ஜெயித்தது போகும். அந்த வீட்டில் தோற்றவர் எதையும் எடுத்துக்கொண்டு போனதே இல்லை. அதனால், "உன்ன யாரு கூட்டிக்கினு போறதுன்னு ஆட்டத்துல முடிவு பண்ணிக்கிறோம்மா" என்று மனோகர் போனில் சொன்னபோது அவளுக்கு அது ஒரே விதமாகத்தான் புரிந்தது. அவனும் அதற்குமேல் விளக்கவில்லை. கொஞ்சம் வெட்கம் அவனுக்கும் இருந்தது.

"பாத்தியா வெங்கடம்மா" என்று அன்று சாயங்காலமே அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை பேசினாள். "ரெண்டும் என்ன உட மாட்டேன்னு அடிச்சிக்கினு கீதுங்க. கடைசில ஆட்டம் ஆடி ஜெயிக்கிறவங்க இட்டுக்கினு போவட்டும்னு பேசி கீதுங்க. நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க."

"உனுக்கு இன்னாக்கா கொறச்சல், ராணி மாறி" என்றாள் வெங்கடம்மா. அவளை அழைத்துப் போக அவள் மகள் ஆட்டம் எதுவும் ஆடவில்லை.

"மனசுல மனோகரு ஜெயிக்கணும்னு கீது. பொண்ணு வூட்ல போயி எப்டி ஒக்கார்றது? சம்பந்தியம்மா வேற கீறாங்க. நம்ம கைல இன்னா கீது சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் இருவரும் வந்து இறங்கினார்கள். அம்மாவுக்கு ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கி வந்தார்கள். டீப்பாயைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டு ஆட்டத்தைப் பரப்பினார்கள். இந்து எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மனோகர் கட்டிலில், அம்மாவின் பக்கத்தில். டீப்பாயில் இடம் போதாமல் துணித்துண்டுகளின் வட்டம் கட்டில் விளிம்புவரை வந்துவிட்டது. மங்கம்மா தலையணையில் சாய்ந்து, கல்யாணம் பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே வெங்கடம்மாவைக் கட்டிவிடச் சொல்லி நல்ல புடவை உடுத்தியிருந்தாள்.

இருவரும் பேசாமல் ஆடினார்கள். ரயிலில் ஆடும்போது கேலியும் கிண்டலுமாக இருக்கும், இன்று ஒரு வார்த்தை இல்லை. மனோகருக்கு ரஷ்மியிடமிருந்து மெசேஜ் வந்தபடி இருந்தது, அவன் எடுத்துப் பார்க்கவில்லை. இந்து ஒவ்வொரு துண்டையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துப் பார்த்து வைத்தாள். மெல்ல மெல்ல அவள் முந்தினாள். அவளுடைய போர்வை அடைந்துகொண்டே வந்தது. கடைசிக்குக் கிட்டத்தில் இந்துவின் அட்டையில் பெரிதாக ஒரு மூலையும், நடுவே ஒட்டி ஒட்டி இரண்டு கட்டமும்தான் பாக்கி. அந்த இரண்டு கட்டத்துக்குப் பொருந்துகிற ஒரே சின்னத் துண்டு கட்டில் விளிம்பில் கிடந்தது. அடுத்த முறை அவள் அதை வாங்கலாம்.

"அது யாருக்கு வேணும்?" என்று மங்கம்மா துண்டைக் காட்டிக் கேட்டாள்.

"எனக்குதாம்மா. அது வந்துட்டா அண்ணன் அவ்ளோதான்" என்றாள் இந்து.

அந்த நேரம் பார்த்து வாசு போன் செய்தான். இந்து எழுந்து, திரும்பி நின்று, "ஆடிக்கினுதான் கீறோம், நான்தான் முன்னாடி, வெய்ங்க போன" என்றாள். அதற்குள் மங்கம்மாவின் கை நீண்டது. துண்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் சொருகியது. தாயின் கையை மகன் பார்த்தான். மகன் பார்த்ததைத் தாயும் பார்த்தாள். அவனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

மனோகர் முட்டாள் இல்லை. அந்தச் சிமிட்டலில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெயித்தவன் கூட்டிக்கொண்டு போவான் என்று நினைத்து அவள் அவனை ஜெயிக்க வைக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவி, வாயைத் திறக்கவில்லை. குனிந்து, இந்து திரும்புவதற்குள் வேறொரு துண்டை வாங்கித் தன் போர்வையில் வைத்துக்கொண்டான்.

இந்து வந்து உட்கார்ந்தாள். அவள் முறை வந்தது. "எங்கணா அந்த ரெண்டு கட்டம்?"

"எந்த ரெண்டு கட்டம்?"

"இங்கதான கெடந்தது. இப்பதான அம்மாகிட்ட காட்டினேன்."

"அது வேற துண்டு, அதைத்தான் நான் வாங்கினேன். ரெண்டு கட்டத்து துண்ட எங்க வூட்டு பாப்பா எப்பவோ தொலைச்சிட்டா."

இந்து டீப்பாய்க்கு அடியில் பார்த்தாள், பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள், கூச்சமில்லாமல் அண்ணனின் சட்டைப் பையிலும் கையை விட்டாள். நடக்க முடியாத அம்மாவின் தலையணையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. மங்கம்மா ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் இந்து ஆடினாள். பட்டனை எண்ணி, ஓட்டைகளுக்குக் கழித்தபோது ஒரே ஒரு பட்டனில் மனோகர் ஜெயித்தான்.

மங்கம்மா கையைத் தட்டினாள்.

"எனக்குத் தெரியும் நைனா, நீ உட மாட்டன்னு" என்று மகனின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களைச் சொடுக்கினாள். "இந்து, கோச்சிக்காதம்மா. நீயும் ஆசப்பட்ட, எனக்குத் தெரியாதா? தீவாளிக்கு உன் வூட்டுக்கு வந்து பத்து நாளு இருக்கறன்." வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். "கட்டிலுக்கடியில பை கீது, எடு நைனா. நேத்தே கட்டி வெச்சிட்டன். ரஷ்மிக்கு எள்ளுருண்டை கீது அதுல. சாயங்கால வண்டிக்குள்ள ஒரு வாய் சோறு துன்னுட்டுக் கெளம்பலாமா?"

மனோகர் தன் பக்கத்துத் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு பொறுமையாக எதையும் அவன் பொறுக்கியதில்லை.

இந்து அம்மாவையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தாள். "இன்னாம்மா பேசற? நீ எங்க அவன் கூட கெளம்பற?"

"ஜெயிச்சது அவன்தானம்மா."

"தோத்தவங்கதாம்மா உன்ன கூட்டிக்கினு போவணும். அதான் பேச்சு. நான் தோத்துட்டேன், அதனால நான் கூட்டிக்கினு போவணும். இவன் சொல்லலியா உனக்கு?"

மங்கம்மா வாக்கரை விடாமல் நின்றாள். "தோத்தவங்களா?" என்று கேட்டாள். பிறகு மகனைப் பார்த்து, "நைனா?" என்றாள்.

"ட்ரெயின் ரூலும்மா அது" என்றான் அவன் பெட்டியைப் பார்த்தபடி. "தோத்தவங்க செலவு."

அவள் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று இருவரும் பயந்தார்கள், அழுதால் வண்டிக்கு நேரமாகிவிடும். அவள் அழவில்லை. நெஞ்சு உடைந்துதான் போயிற்று, ஆனால் உடைந்த நெஞ்சோடும் அவளுக்கு மகன் வீடுதான் வேண்டியிருந்தது. தலையணைக்கு அடியில் கையை விட்டு அந்தச் சின்னத் துண்டை எடுத்து டீப்பாயில் வைத்தாள்.

"நான்தான் எடுத்தன்" என்றாள். "இது கீதுன்னா இந்துதான ஜெயிச்சது? அப்ப மனோகரு தோத்துட்டான் இல்ல? அப்ப நான் அவன் கூடதான போவணும்?"

இந்து துண்டைப் பிடுங்கித் தன் போர்வையில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. விரல் விட்டு எண்ணினாள். "நான்தான் ஜெயிச்சேன்!" என்று கத்தினாள். சந்தோஷத்தில் நாற்காலியே சாய்ந்தது. "பாத்தியாம்மா, நான்தான் ஜெயிச்சேன்! அண்ணன்தான் உன்ன கூட்டிக்கினு போவணும்!" மங்கம்மாவும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தாயும் மகளும் ஒன்றாகச் சந்தோஷப்பட்டு ரொம்ப வருஷமாகியிருந்தது.

"ஆட்டம் செல்லாது" என்றான் மனோகர். "சீட்டு கொறஞ்சா அந்த ஆட்டமே கிடையாது, மறுபடி கலைச்சுப் போடணும். ட்ரெயின்ல எத்தன தடவ கலைச்சிருக்கோம்."

"உனுக்குத் தெரியுமே நைனா" என்றாள் மங்கம்மா. "நான் எடுக்கச்ச நீ பாத்துக்கினுதான இருந்த. கண்ணுகூட அடிச்சனே."

மனோகர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். "நான் இன்னாத்த பாத்தேன்? அம்மாக்கு ஆபரேஷனுக்கு அப்பறம் நெனவு சரியில்ல இந்து. எதயாவது எடுத்து எங்கயாவது வெச்சிட்டு எதயாவது சொல்லுது. நீ வெச்சிக்கினா தெரியும் உனக்கு."

"நான் எதுக்கு வெச்சிக்கணும்?" என்று இந்து பாய்ந்தாள். அம்மாவின் நினைவு சரியாக இருக்கிறதா இல்லையா என்பது அவளுக்கும் முக்கியமாகப் படவில்லை. கொஞ்ச நேரம் கத்தினார்கள். சாயங்கால வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. கடைசியில் அவளும் ஒத்துக்கொண்டாள். சட்டம் சட்டம்தான், சீட்டு குறைந்தால் ஆட்டம் செல்லாது. "ஆனா அம்மா இங்க இருக்கக் கூடாது" என்றாள்.

அது நியாயமாகத்தான் பட்டது மனோகருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கி அவளை உள் அறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அவள் கேட்டதால் பையையும் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். அந்தக் கதவு சாத்தினால் தானாகத் திறந்துகொள்ளும் கதவு. மனோகர் இந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டான்.

துண்டுகளைக் கலைத்து மறுபடி வட்டமாக அடுக்கினார்கள். இந்த முறை எல்லாம் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து சரிபார்த்தார்கள். இந்து முதல் துண்டை வாங்கினாள். மனோகர் யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மங்கம்மாவின் குரல் வந்தது.

"முடிஞ்சதும் சொல்லுங்க. யாரு தோத்தாலும் ரொம்ப நாளு தொந்தரவு குடுக்க மாட்டன்."

"சும்மா இரும்மா" என்றாள் இந்து, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கவனம் போவுது."